ரெண்டு தடவை கொடுத்த கூலி

கார்த்திகையில் கடலைக்காய் பறிப்பு முடிந்த அன்றைக்கு ராத்திரி, என் வீட்டுக்காரி அரிசி மொடாவுக்குப் பின்னாலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். அவிழ்த்துப் பார்த்தால் பணம். எண்ணினேன், 6,400 ரூபாய்.

"ஏது இத்தனை?" என்றேன்.

"எல்லாம் அத்தை ரெண்டாந்தடவை குடுத்த கூலிங்க. பொம்பளைங்க அப்போதைக்கு வாங்கிக்குவாங்க. பொழுதெறங்க எங்கிட்டக் கொண்டாந்து திருப்பிக் குடுத்துருவாங்க. 'பெரியம்மாகிட்டச் சொல்லீராதீங்க, மனசு சங்கடப்படும்'னு சொல்லிட்டுப் போவாங்க. நானும் சொல்லலை."

நாலு மாசமாக இது நடந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. எங்க அம்மாவுக்கு வயசு 78. அம்பது வருசமாக இந்தப் பண்ணையத்தின் கூலிக் கணக்கு அவங்க தலைக்குள்ளேதான். யாருக்கு எத்தனை ஆள், யார் முன்பணம் வாங்கியது, யார் அரை நாளில் போனது, ஒரு காகிதம் கிடையாது. அந்தக் கணக்குதான் இப்போது கைநழுவிப் போய்க்கொண்டிருந்தது. அது நழுவுவதை ஒரு ஊரே சேர்ந்து மறைத்திருந்தது, அன்பால்.

பட்டணத்தில் இருக்கிற நண்பர்கள் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கிராமத்துல இருக்கறவங்களுக்கு மறதி நோய் வராதாமே? நல்ல காத்து, நல்ல சாப்பாடு, உடம்பு உழைப்பு?" நானும் பெருமையாகத் தலையாட்டியவன்தான். அந்தத் துணி முடிச்சுக்குப் பிறகு, இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்தது என் பெருமையைக் கொஞ்சம் கலைத்துப்போட்டது. அதைத்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

முதலில் எங்க ஆத்தா, அதாவது அப்பாவின் அம்மா. 1980களில் நான் பள்ளிக்கூடம் போன காலம். ஆத்தா கட்டுத்தரையில் உட்கார்ந்துகொண்டு, செத்துப்போன தன் தங்கச்சி சந்தையிலிருந்து வருவாள் என்று வழியைப் பார்த்துக்கொண்டிருக்கும். சாப்பிட்டுக் கை காய்வதற்குள் "எனக்குச் சோறு போடலை"ன்னு சொல்லும். ஊரில் யாரும் அதை நோய் என்று சொல்லவில்லை. "சின்னப்புள்ளையாட்டம் ஆயிருச்சு" என்பார்கள், அவ்வளவுதான். கையில் ஒரு முறம் கடலைக்காய் கொடுத்தால் உரித்துக்கொண்டே இருக்கும். உரித்த பருப்பையும் தோலையும் மறுபடி ஒன்றாகக் கலந்துவிட்டாலும் யாரும் கோபிக்கமாட்டார்கள். தெருவில் இறங்கி நடந்தால் நாலு வீடு தாண்டுவதற்குள் யாராவது கையைப் பிடித்துக் கூட்டி வந்துவிடுவார்கள்.

இப்படி ஊர்ப் பேச்சு எல்லா இடத்திலும் இருந்திருக்கிறது. கேரளத்தில் ஆராய்ச்சி செய்தவர்கள் கிராமத்துக் குடும்பங்களிடம் கேட்டபோது, அங்கே இதற்குச் 'சின்னன்' என்று பெயர் சொன்னார்கள். அதுவும் குழந்தைத்தனம்தான். இந்திக்காரர்கள் 'சட்டியானா' என்பார்கள். 'சாட்' என்றால் அறுபது. அறுபதாகிப் போச்சு என்று பொருள். யாழ்ப்பாணத்தில் 'அறளை பேர்ந்துட்டுது' என்பார்கள். எல்லாச் சொல்லும் ஒன்றைத்தான் சொல்கிறது: இது வயசோடு வருவது, வைத்தியத்துக்குப் போகவேண்டிய சங்கதி இல்லை.

இதை நோய் என்று பெயரிட்டது ஐரோப்பாவின் நகரத்து ஆஸ்பத்திரி. 1901இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் மனநல மருத்துவமனைக்கு 51 வயதுப் பெண் ஒருத்தியைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அவரைப் பரிசோதித்தவர் அலாய்ஸ் அல்சைமர். அந்தப் பெண் 1906இல் இறந்த பின் மூளையை நுண்ணோக்கியில் பார்த்து, அந்த வருசம் நவம்பரில் டூபிங்கன் நகரில் நடந்த கூட்டத்தில் தான் கண்டதைச் சொன்னார். 1910இல் எமில் கிரேப்லின் தன் பாடநூலில் அதற்கு அல்சைமர் நோய் என்று பெயர் வைத்தார். அப்போது இதை நடுவயதுக்காரர்களுக்கு வரும் அபூர்வ நோயாகத்தான் நினைத்தார்கள். கிழவன் கிழவிகளுக்கு வருவதும் பெரும்பாலும் இதே சங்கதிதான் என்று வைத்திய உலகம் ஒத்துக்கொள்ள 1960, 70களாகிவிட்டது. நம் நாட்டிலோ சுதந்திரம் வாங்கிய சமயத்தில் சராசரி ஆயுளே சுமார் 32 வயசு. கிழவர்கள் மறதியைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்?

அடுத்து வந்த சிக்கல், மறதியை எப்படி அளப்பது? 1975இல் அமெரிக்காவில் ஃபோல்ஸ்டீன் என்பவரும் கூட்டாளிகளும் ஒரு சின்னப் பரீட்சையை உண்டாக்கினார்கள். மொத்தம் 30 மார்க். இன்றைக்கு என்ன தேதி, என்ன வருசம்? இது எத்தனாவது மாடி? நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வா. இந்த அட்டையில் இருப்பதைப் படித்து அதன்படி செய். ஒரு வாக்கியம் எழுது. இந்தப் படத்தைப் பார்த்து வரை.

எங்க அம்மாவின் நல்ல காலத்திலேயே இந்தப் பரீட்சையை வைத்திருந்தால் பெயிலாகியிருப்பாங்க. இங்கிலீசுத் தேதி அவங்களுக்குத் தேவைப்பட்டதே இல்லை. அமாவாசை, கிருத்திகை, ஆடிப் பதினெட்டு, இதுதான் காலண்டர். மாடி வீடே கிடையாது. பேனா பிடித்து எழுதும் பழக்கமும் இல்லை. ஆனால் நாப்பது ஆளுக்கு வாரக்கூலி போட்டு, முன்பணம் கழித்து, மிச்சம் சொல்லும் மூளை அது. பள்ளிக்கூடம் போகாதவர்களைப் பள்ளிக்கூடத்துக் கணக்கால் அளந்தால், கிராமம் முழுக்க மறதிக்காரர்களாகத்தான் தெரிவார்கள்.

இதைப் புரிந்துகொண்டு செய்த ஒரு பெரிய வேலை ஹரியானாவின் பல்லப்கர் பகுதிக் கிராமங்களில் நடந்தது. 1990களில் இந்திய, அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து அந்தப் பரீட்சையை இந்திக்கு, அதுவும் எழுதப் படிக்கத் தெரியாத சனங்களுக்கு, ஏற்றபடி மாற்றினார்கள். ஏழு ஏழாகக் கழிப்பதற்குப் பதிலாக வாரத்தின் நாட்களைத் தலைகீழாகச் சொல்லவேண்டும். வாக்கியம் எழுதுவதற்குப் பதிலாக 'உன் வீட்டைப் பற்றி ஏதாவது சொல்லு' என்றார்கள். படித்தபோது எனக்குச் சிரிப்பும் சந்தோசமும் வந்தது. வாரத்தின் நாட்களை அம்மா சந்தையை வைத்தே தலைகீழாகச் சொல்லிவிடுவாங்க.

55 வயதுக்கு மேற்பட்ட 5,126 பேரை அங்கே பரிசோதித்தார்கள். நாலில் மூணு பேருக்கு எழுத்தறிவு இல்லை. கிடைத்த விடை உலகத்தையே திரும்பிப் பார்க்கவைத்தது. 65 வயதுக்கு மேல் அல்சைமர் நோய் இருந்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான், 1.07 சதவீதம். புதிதாக நோய் வருவதையும் கணக்கெடுத்தார்கள். 65 வயதைத் தாண்டிய ஆயிரம் பேரை ஒரு வருசம் கவனித்தால் பல்லப்கரில் 4.7 பேருக்கு வந்தது. அதே குழு அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் மோனங்காஹேலா பள்ளத்தாக்கில் பார்த்த கணக்கு 17.5.

'இந்தியக் கிராமத்தில் மறதி நோய் இல்லை' என்ற பேச்சுக்கு இது பெரிய பலம் கொடுத்தது. மஞ்சள்தான் காரணம், காய்கறிச் சாப்பாடுதான் காரணம் என்று எழுதாதவர்கள் இல்லை. மஞ்சள் போடுகிற எனக்கும் அதைக் கேட்க இனிப்பாகத்தான் இருந்தது. ஆனால் ஆராய்ச்சி செய்தவர்கள் அப்படிச் சொல்லவில்லை. நோய் வந்தவர்கள் இங்கே சீக்கிரம் இறந்துவிடலாம், பின்தொடர்ந்த காலம் குறைவு, மரபணுவில் வித்தியாசம் இருக்கிறது என்றெல்லாம் எச்சரிக்கையாகத்தான் எழுதினார்கள். இன்னொன்றும் உண்டு. அந்த மோனங்காஹேலா பள்ளத்தாக்கு நியூயார்க் போலப் பட்டணம் இல்லை. இரும்பு ஆலையும் நிலக்கரிச் சுரங்கமும் ஓய்ந்துபோன சின்னச் சின்ன ஊர்கள். ஆகவே இது கிராமத்துக்கும் பட்டணத்துக்கும் நடந்த போட்டியே இல்லை. நாமாக அப்படிப் படித்துக்கொண்டோம்.

நம்ம பக்கத்துக்கு வருவோம். சென்னையிலிருந்து ஸ்கார்ஃப் நிறுவனத்து மருத்துவர்கள் திருப்போரூர் வட்டாரக் கிராமங்களில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களைப் பார்த்து, 1997இல் முடிவை வெளியிட்டார்கள். மறதி நோய் 3.5 சதவீதம். வயது வரம்பு வேறு, அளந்த விதம் வேறு. அதனால் பல்லப்கர் கணக்கோடு நேருக்கு நேர் வைக்கமுடியாது. ஆனால் 'இல்லவே இல்லை' என்று சொல்லும் அளவு சின்ன எண் இல்லை அது.

1998இல் கொச்சியில் நடந்த ஒரு மாநாட்டில் '10/66' என்ற ஆராய்ச்சிக் குழு பிறந்தது. பெயரே ஒரு குற்றச்சாட்டு. மறதி நோயாளிகளில் 66 சதவீதம் ஏழை நாடுகளில் இருக்கிறார்கள், ஆராய்ச்சியில் 10 சதவீதம்கூட அங்கே நடப்பதில்லை. இந்தக் குழு ஏழு நாடுகளில் 65 வயதுக்கு மேற்பட்ட சுமார் 15,000 பேரை வீடு வீடாகப் போய்ப் பார்த்தது. அதில் நம் சென்னை நகரமும் வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களும் உண்டு. 2008இல் லான்செட் பத்திரிகையில் முடிவு வந்தது.

அமெரிக்க மனநல மருத்துவர்களின் இலக்கணப்படி கணக்கிட்டால் நம் கிராமத்தில் நோய் 0.3 சதவீதம்தான். உலகத்திலேயே அவர்கள் பார்த்த இடங்களில் கடைசி. க்யூபாவில் 6.3. பார்த்தீர்களா, கிராமம் ஜெயித்தது என்று சொல்லத் தோன்றும். ஆனால் அவர்களே, படிப்பும் பண்பாடும் குறுக்கே வராதபடி தாங்கள் உண்டாக்கிய இன்னொரு அளவுகோலால் அதே ஆட்களை அளந்தார்கள். அப்போது எந்த இடமும் 5.6 சதவீதத்துக்குக் கீழே போகவில்லை. வேலூர்க் கிராமமும்தான். பிறகு சென்னையில் இந்த இரண்டாவது அளவுகோலில் நோய் என்று கண்டவர்களை மூணு வருசம் கழித்துத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். மற்றவர்களைவிட இவர்களில் அதிகம் பேர் இறந்திருந்தார்கள். உயிரோடு இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு நிலைமை மோசமாகியிருந்தது. நோய் நிஜம்தான்.

அப்படியானால் முதல் அளவுகோல் ஏன் தவறவிட்டது? அதன் இலக்கணப்படி, மறதியால் அன்றாட வேலை கெட்டுப்போனதென்று காட்டவேண்டும். அதைக் காட்டவேண்டியது வீட்டுக்காரர்கள். 'முன்னே செய்த வேலையை இப்போது செய்யமுடிகிறதா?' என்று கேட்டால் மகன் என்ன சொல்வான்? "வயசாச்சு, நாங்க வேலை குடுக்கறதில்லீங்க" என்பான். பேங்குக்குப் போகவேண்டியதில்லை, பஸ் மாறவேண்டியதில்லை, மருமகள் சோறாக்கிப் போடுகிறாள். இடறி விழ வாய்ப்பே இல்லாத இடத்தில் கால் தளர்ந்தது எப்படித் தெரியும்?

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் நானே அப்படிச் சொன்னவன். ரெண்டு வருசத்துக்கு முன்னால், ரத்த அழுத்தம் பார்க்க வீட்டுக்கு வந்த ஒரு சகோதரி, "அம்மாவுக்கு மறதி ஏதாவது இருக்குங்களா?" என்று கேட்டார். நான் மாட்டுக்குத் தட்டுப் போட்டுக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க, எங்களைவிட நல்லாக் கணக்குச் சொல்லுவாங்க" என்றேன். அன்றைக்கும் அம்மா மாத்திரை போட்டார்களா இல்லையா என்று எனக்குத் தெரியாது.

2023இல் வெளிவந்த அகில இந்திய ஆய்வு ஒன்று இந்தப் பேச்சைக் கிட்டத்தட்ட முடித்தே வைத்தது. 60 வயதுக்கு மேல் 7.4 சதவீதம் பேருக்கு மறதி நோய், நாடு முழுக்க 88 லட்சம் பேர். நகரத்தில் 5.3 சதவீதம், கிராமத்தில் 8.4. ஆண்களில் 5.8, பெண்களில் 9.0. அதாவது இந்த நாட்டில் அதிகம் பாதிக்கப்படுகிறவள் கிராமத்துக் கிழவி.

காரணங்களில் பெரியது படிப்பு. சின்ன வயதில் படித்த மூளை, பின்னாளில் தேய்மானத்தைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்குகிறது என்று பல நாடுகளின் ஆய்வுகள் சொல்கின்றன. எங்க அம்மா மூணாங்கிளாஸ். 1955இல் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி, தம்பியைத் தூக்கவும் எருமை மேய்க்கவும் விட்டார்கள். அடுத்த வருசம், 1956இல், காமராஜர் மதிய உணவைக் கொண்டுவந்தார். ஒரு வருசம் முன்னாடி வந்திருந்தால் ஒருவேளை இன்னும் ரெண்டு கிளாஸ் படித்திருப்பார்களோ என்று அவங்களே எத்தனையோ தடவை சொல்லியிருக்காங்க. 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தபோது என் வயசுப் பொம்பளைப் பிள்ளைகள் உட்கார்ந்து படித்தார்கள். ஒரு வேளைச் சோறு அம்பது அறுபது வருசம் கழித்து மூளையில் வந்து நிற்கும் என்று அன்றைக்கு யார் நினைத்தார்கள்?

லான்செட் குழு ஒன்று 2024இல் பட்டியல் போட்டது. திருத்தக்கூடிய 14 காரணங்களைச் சரிசெய்தால் உலகத்தில் மறதி நோயில் சுமார் 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்கிறார்கள். படிப்புக் குறைவு, காது மந்தம், கண் பார்வை மங்கல், ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட காற்று, தனிமை என்று போகிறது பட்டியல். அதை வாசிக்க வாசிக்க எங்க வீடே கண் முன்னால் வந்தது. நாப்பது வருசம் விறகடுப்புப் புகை. 'கண்புரை இருந்தா என்ன, வீடு பழகின வீடுதானே' என்று தள்ளிப்போட்டது. காது கேட்கவில்லை என்பதை 'கூப்பிட்டாத் திரும்பமாட்டாங்க, அப்படித்தான்' என்று விட்டது. நல்ல காற்று என்று நாங்கள் பீற்றிக்கொண்டது வாசலில்தான். சமையலறையில் இல்லை.

அதற்காகப் பட்டணம் ஒசத்தி என்று சொல்ல வரவில்லை. கணக்கு தெரிந்த பிறகு, தம்பி சென்னைக்குக் கூட்டிப்போனான். நல்ல ஆஸ்பத்திரி, நல்ல டாக்டர். தைராய்டு, பி12 சத்து, மனச்சோர்வு இவை ஏதாவது இருந்தால் சரிசெய்யக்கூடியது என்று எல்லாம் பார்த்தார்கள். மறதி நோயின் ஆரம்பம் என்றார்கள். அந்தச் சோதனையெல்லாம் இங்கே நடந்திருக்காது, அதற்குப் பட்டணத்துக்குக் கும்பிடு. ஆனால் ஏழாவது மாடியில் அம்மா ஒரு மாசம்தான் இருந்தாங்க. ராத்திரி எழுந்து, ஒரே மாதிரி இருக்கிற கதவுகளில் எது பாத்ரூம் என்று தெரியாமல் நின்று அழுதிருக்காங்க. "மாட்டுக்குத் தண்ணி காட்டணும், வண்டி எப்போ?" என்று காவல்காரரிடம் கேட்டிருக்காங்க.

திரும்பி வந்த அன்றைக்கு, வண்டியிலிருந்து இறங்கி யாரும் சொல்லாமல் நேராகக் கட்டுத்தரைக்குப் போனாங்க. கால் அந்த வழியை மறக்கவில்லை. அது கிராமம் கொடுக்கிற கொடை. ஆனால் அந்தக் கொடையும் குறைந்துகொண்டு வருகிறது. 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் 48.4 சதவீதம் பேர் நகரவாசிகள். எங்க தெருவில் ஆத்தா காலத்தில் கையைப் பிடித்துக் கூட்டிவந்த நாலு வீட்டில் ரெண்டு வீடு பூட்டிக் கிடக்கிறது. ஒரு வீட்டில் இன்னொரு கிழவி மட்டும். திண்ணையை இடித்துக் கம்பி கேட் போட்டாச்சு.

இப்போது எங்க வீட்டில் சில ஏற்பாடுகள். அம்மாவுக்குக் கண் ஆபரேசன் செய்தாச்சு. காதுக்கு மிஷின். ரத்த அழுத்த மாத்திரை, 2021இல் அரசு ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வருகிறது. போட்டதை ஒரு நோட்டில் என் மகள் டிக் அடிக்கிறாள். கேஸ் அடுப்பு மட்டும்தான். கூலி மட்டும் இன்னும் அம்மா கையால்தான். பக்கத்தில் என் வீட்டுக்காரி நோட்டோடு உட்காருகிறாள். அம்மா பேர் சொல்லி எடுத்துக் கொடுக்க, இவள் பேர் பேராக அடித்துக்கொள்வாள்.

பொங்கலுக்கு ஊருக்கு வரப்போகிற உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வந்ததும் பெரியவர்கள் முன்னால் நின்று "நான் யாருன்னு சொல்லுங்க பார்க்கலாம்" என்று பரீட்சை வைக்காதீர்கள். நான் சின்ன வயதில் ஆத்தாவுக்கு வைத்திருக்கிறேன், அது முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பேரைச் சொல்லிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். ரெண்டு நாள் இருங்கள். மகனிடம் கேட்காதீர்கள், அவன் என்னை மாதிரி "ஒண்ணுமில்லை" என்பான். மருமகளிடம் கேளுங்கள், பால்காரரிடம், வேலைக்கு வருகிறவர்களிடம் கேளுங்கள். அவர்கள் எதையாவது முடிந்து வைத்திருப்பார்கள்.

அந்த 6,400 ரூபாயை என்ன செய்வது என்று தெரியாமல், கடைசியில் தை முதல் நாள் கூலிக்காரப் பொம்பளைகள் எல்லாருக்கும் ஆளுக்கொரு சேலை எடுத்தோம். அம்மாதான் கொடுத்தாங்க. ஒருத்திக்கு ரெண்டு தடவை நீட்டினாங்க. அவள் ரெண்டையும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒன்றைச் சத்தமில்லாமல் பின்னால் நின்ற என் வீட்டுக்காரியிடம் கொடுத்தாள். இந்தத் தடவை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.